தக்கோலத்தில் பச்சை மிளகாய்

என் முதல் சரித்திரச் சிறுகதையில், சோழரும் இராட்டிரகூடரும் மோதிய தக்கோலப் போருக்கு முந்தின இரவு ஒரு சோழ வீரன் பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டான். போர் நடந்தது 949இல். மிளகாய் போர்ச்சுகீசியர் கப்பலேறி நம் பக்கம் வந்தது 16ஆம் நூற்றாண்டில். கதை அச்சான வாரமே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருந்தார்: "தம்பி, உங்கள் வீரனை இன்னும் அறுநூறு வருஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காரம் வந்துவிடும்." அரசன் பெயர், எதிரி பெயர், ஆண்டு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்திருந்தேன். வீரனின் சோற்றுச்சட்டியைத்தான் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது பிறர் எழுதும் படைக்கதைகளையும் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். ராஜா விஷயத்தில் தவறுகிறவர்கள் குறைவு. சறுக்கல் எல்லாம் சேவகனிடம்தான்: அவன் வயிறு, அவன் கால், அவன் காயம், அவன் வாய்ப்பேச்சு.

வயிற்றை முதலில் முடித்துவிடுவோம். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், முந்திரி, பப்பாளி, புகையிலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சோழன் பாசறையில் இவற்றுக்கு இடமில்லை. மிளகு, இஞ்சி, புளி, கொள்ளு, வரகு, தினை, கருவாடு, கள் என்று நம்மிடமே வேண்டிய மட்டும் இருக்கிறது.

அடுத்தது எண்ணிக்கை. "லட்சம் வீரர், பதினாயிரம் யானை" என்று கைக்கு வந்தபடி எழுதிவிடுகிறோம். ஆதாரம் கேட்டால் பழைய ஏடுகளைக் காட்டலாம்தான். சோழரிடம் அறுபதாயிரம் போர் யானைகள் இருந்ததாக 1225இல் சீன அதிகாரி சாவோ ருகுவா எழுதி வைத்திருக்கிறார். ஒரு யானைக்கு நாளுக்கு 150 கிலோ தீவனம் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள்: 9,000 டன். தினமும்! இன்று இந்தியக் காடுகள் அத்தனையிலும் சேர்த்தே முப்பதாயிரம் யானை கிடையாது. அவர் கேள்விப்பட்டதை எழுதினார், அது அவர் காலத்து வழக்கம். நாம் பெருக்கிப் பார்த்துவிட்டு எழுதலாம். நூறு யானை போதும். நூறு யானைக்கு வழியெல்லாம் தழை ஒடிப்பதும், கோடையில் குளம் தேடுவதுமே ஒரு அத்தியாயத்துக்குக் காணும்.

கால் நடையையும் கணக்கில் எடுங்கள். மாட்டு வண்டியும் சுமைகூலியும் சமையல் பாத்திரமுமாக நகரும் படை ஒரு நாளில் 15, 20 கிலோமீட்டர் போனால் அதிகம். தஞ்சையிலிருந்து தக்கோலம் வர அரை மாதத்துக்குக் குறையாது. கதைகளில் அந்தி சாயும்போது புறப்பட்டு விடியும்போது முற்றுகை போட்டுவிடுகிறார்கள். நடுவில் காவிரியும் கொள்ளிடமும் ஏதாவது ஓடுகிறதா என்று கூடக் கேட்பதில்லை.

குதிரை என்றால் நமக்குத் தனி மயக்கம். ஆளுக்கொரு குதிரையைக் கொடுத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் நல்ல போர்க்குதிரை கடல்தாண்டித்தான் வந்தது. "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி" என்று பட்டினப்பாலை சொல்லும் சங்க காலத்திலும் அப்படியே, பாண்டியர் காலத்திலும் அப்படியே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூடத் தேறுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை, வணிகர்களும் அப்படிப்பட்டவர்களை வரவிடுவதில்லை, தீவனமோ சோறும் வெந்த இறைச்சியும்! சாதாரண வில்லாளிக்குக் குதிரை என்பது தூரத்தில் பார்க்கும் பொருள். அவன் அதன்மேல் தாவி ஏறினால், அது யாருடையது, இறங்கினதும் என்ன தண்டனை என்று வாசகர் கேட்பார். சங்க காலக் கதையென்றால் சேணத்தில் தொங்கும் கால்மிதியான இரும்பு அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நின்று அம்பு விடவும் வேண்டாம். அந்த அங்கவடி அப்போது இல்லை.

காயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். தோளில் வெட்டுப்பட்டவன் ஒரு பச்சிலைக் கட்டோடு அடுத்த அத்தியாயத்தில் கோட்டை ஏறுகிறான். நம் பழம்பாட்டுகளைத் திறந்தால் காயம் எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்று தெரியும். பதிற்றுப்பத்தில் ஒரு காட்சி. மீனுக்காகக் குளத்தில் பாய்ந்து மூழ்கி மேலெழும் மீன்கொத்தி போல, நீண்ட வெள்ளை ஊசி சதைக்குள் போய்ப் போய் வருகிறது. மார்பைத் தைக்கிறார்கள். புறநானூற்றில் புண்பட்டவன் வீட்டு வாசலில் இரவமும் வேம்பும் செருகி, வெண்கடுகு தூவி, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடிக் காக்கிறார்கள். எத்தனை ராத்திரி அப்படி உட்கார்ந்திருப்பாள் ஒரு பெண்? போரைவிட அந்த வாசலில்தான் கதை இருக்கிறது என்பது என் எண்ணம்.

நெடுநல்வாடையில் நள்ளிரவில் அரசன் புண்பட்டவர்களைப் பார்க்க வருகிறான். வாடையில் விளக்குச் சுடர் தெற்கே சாய்கிறது. சேணம் அவிழ்க்காத குதிரை, சேற்றுத் தெருவில் நின்றபடி மேலே விழுந்த தூறலை உதறுகிறது. நழுவும் மேலாடையை அரசன் இடப்பக்கம் அணைத்துக்கொள்கிறான். வாள் ஒரு வீச்சுகூட வீசப்படவில்லை, ஆனாலும் போர் நடக்கிறது என்று நமக்குத் தெரிகிறது.

பேச்சு. சோழ தளபதி "சபாஷ்!" என்கிறான், காவலன் "உஷார்!" என்கிறான். இரண்டும் பாரசீக வழி வந்தவை. சிறைக்கதவின் "சாவி"யும், நாயகன் குதிக்கும் "ஜன்னல்"-உம் போர்ச்சுகீசியச் சொற்கள். மிளகாயோடு ஒரே கப்பலில் வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். திறவுகோல், சாளரம் இருக்கின்றன. "ஐந்து நிமிடத்தில்" என்பதற்கு நாழிகை இருக்கிறது. முல்லைப்பாட்டுப் பாசறையில் நீர் சொட்டும் கன்னலைப் பார்த்து நேரம் சொல்ல ஆளே இருந்தார்கள். அதற்காக எல்லோரையும் செந்தமிழில் கர்ஜிக்க விடுவது இதைவிடப் பெரிய தவறு. கூடாரம் அடிக்கிறவன், அரசன் புகழைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தி நடையில் பேசமாட்டான். அதே முல்லைப்பாட்டில் யானைப்பாகர்கள் யானையிடம் வடமொழிச் சொல்லில் பேசுகிறார்கள். தொழிலுக்கென்று ஒரு பேச்சு அப்போதும் இருந்திருக்கிறது.

"சோழப் படை" என்று மொத்தமாக எழுதுவதும் சோம்பேறித்தனம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகள் பெயரோடு நிற்கின்றன: பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள், நிகரிலிச்சோழத் தெரிந்த உடனிலைக் குதிரைச்சேவகர், மும்முடிச்சோழத் தெரிந்த ஆனைப்பாகர். தெரிந்த என்றால் தேர்ந்தெடுத்த. இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு பெயரில்லாப் படை எழுத எப்படி மனம் வருகிறது!

கோட்டை பற்றி ஒரே வரி: இன்று நாம் படம் பிடிக்கும் செஞ்சி, வேலூர்க் கற்சுவர்கள் சோழருக்கு வெகுகாலம் பிந்தியவை. கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டைத் தோண்டினால் வந்தது செங்கலும் ஓடும்.

எல்லாப் போரும் பேரரசுப் போராக இருக்க வேண்டியதும் இல்லை. நடுகற்களில் பெரும்பாலானவை மாடு பிடித்த, மாடு மீட்ட சண்டைகள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்க நின்று செத்த கருந்தேவக்கத்திக்கு ஒரு கல் இருக்கிறது. பக்கத்தில் அவன் நாய். கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதைத் தனியே பொறித்திருக்கிறார்கள்.

கடைசியாக, எதிரியின் கல்லையும் படியுங்கள். சாளுக்கியரின் 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு, ஒன்பது லட்சம் பேரோடு வந்த சோழர் பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றதாகப் புலம்புகிறது. எண்ணிக்கையை நம்ப வேண்டாம். புலம்பலை ஒதுக்கிவிட்டு எழுதினால் உங்கள் கதையும் ஒரு மெய்க்கீர்த்தியாகிவிடும். தக்கோலத்தையே எடுங்கள். நம் பக்கத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் "ஆனைமேல் துஞ்சினார்", அதாவது யானை மேலேயே தூங்கிப்போனார். இராட்டிரகூடர் பக்கம் நின்று அவரைக் கொன்ற கங்க அரசன் பூதுகனின் பக்கச் செய்தி இருப்பது கர்நாடகத்து ஆதகூரில் கிடைத்த ஒரு கல்லில். அந்தக் கல் போருக்காக நட்டதன்று. போரில் நன்றாகச் சண்டை போட்ட மணலேரனிடம் என்ன வேண்டும் கேள் என்றான் பூதுகன். அவன் அரசனின் வேட்டை நாய் காளியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு குன்றடியில் அந்த நாயைப் பெரிய காட்டுப்பன்றி மேல் ஏவினான். இரண்டும் ஒன்றையொன்று கொன்று செத்தன. நாய்க்குக் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டான். கல்லில் இன்றும் நாயும் பன்றியும் மோதிக்கொண்டிருக்கின்றன, அவற்றைச் சுற்றியுள்ள எழுத்தில் எங்கோ ஒரு வரியில் ஒரு சோழ இளவரசன் சாகிறான்.