எர்ரர போட்டோ எடுக்காதிய, டெர்மினல்லயே லிங்க் எடுங்க

அம்பாசமுத்திரத்துல மச்சான் கடையில பில் போடுத கம்ப்யூட்டர் உபுண்டு, அதாவது லினக்ஸ். பிரிண்டர் ஓடலன்னு ஸ்கிரீன போன்ல படம் புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டான், ட்யூப்லைட் வெளிச்சம் அடிச்சு பாதி எழுத்து தெரியல, தெரிஞ்சதயும் காப்பி பண்ண முடியாது, நா பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா திரும்ப டைப் அடிச்சேன். இதுக்கு லேசான வழி இருக்கு மக்கா.

டெர்ம்பின்னு ஒரு சர்வீஸ், டெக்ஸ்ட அனுப்புனா லிங்கா மாத்திக் குடுக்கும், அக்கவுண்ட் எதுவும் வேண்டாம். டெர்மினல்ல, அதான் கமாண்ட் டைப் அடிக்குத விண்டோல, நீங்க அடிக்குத கமாண்ட அடிங்க, அடுத்து பைப், அதான் | இந்தக் கோடு, அப்புறம் என்சி (nc), ஒரு இடம் விட்டு டெர்ம்பின் டாட் காம் (termbin.com), இன்னொரு இடம் விட்டு 9999. என்டர் தட்டுனா லிங்க் வரும், அத அனுப்புனா போதும். என்சிங்கது நெட்கேட், நெட் வழியா டெக்ஸ்ட அனுப்புத டூல், 9999 போர்ட் நம்பர். ஒரு மாசத்துல அதுவா அழிஞ்சிரும்.

நெறைய பேர் தடுக்கி விழுத இடம் ஒண்ணு இருக்கு. பைப் வழியா சாதா அவுட்புட் மட்டுந்தான் போவும், எர்ரர் வேற வழியில வந்து ஸ்கிரீன்லயே நின்னுரும், லிங்க தொறந்து பாத்தா எது வேணுமோ அந்த வரியே இருக்காது. அதனால பைப்புக்கு முன்னால 2>&1 போடுங்க, அந்த நாலு எழுத்துக்கு நடுவுல இடைவெளி இல்லாம. ரெண்டும் சேந்து போவும். பெரிய லாக்னா, அதான் கம்ப்யூட்டர் நடந்தத எழுதி வைக்குத பைல், டெயில் (tail) கமாண்ட போட்டு கடைசி 100 வரி மட்டும் எடுங்க.

அனுப்பதுக்கு முன்னால அதே கமாண்ட லெஸ்ஸுக்கு (less, பக்கம் பக்கமா காட்டும்) பைப் பண்ணி ஒருதடவ கண்ணால பாத்துருங்க, இத கெஞ்சிக் கேக்கேன். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (புரோகிராம்களுக்கான ரகசியச் சாவி), கஸ்டமர் போன் நம்பர் எல்லாம் லாக்ல ஒளிஞ்சு கெடக்கும், டெர்ம்பின்ல லிங்க் தெரிஞ்ச யாரும் படிக்கலாம், போற வழியிலயும் பூட்டு கெடையாது. நானே ஒருதடவ டேட்டாபேஸ் பாஸ்வேர்டோட அனுப்பிட்டு, ராத்திரியோட ராத்திரியா அத மாத்துனேன்.

சில ஆபீஸ் நெட்ல 9999 அடைச்சு வச்சிருப்பாங்க. கிட்ஹப் அக்கவுண்ட் இருக்கவிய அதோட கமாண்ட் லைன் டூல போட்டு, ஜிஹெச் கிஸ்ட் கிரியேட்னு (gh gist create) அடிச்சு பைல் பேர குடுங்க. நீங்களா பப்ளிக்னு சொல்லலன்னா சீக்ரெட்டாத்தான் போடும், ஆனா அதையும் லிங்க் கெடச்சவன் படிச்சிரலாம், வேண்டாம்னா நம்மளே அழிச்சுக்கிடலாம்.

வாங்குதவங்களுக்கும் சொகம். டெர்ம்பின் லிங்க கர்ல்ல (curl, லிங்க்ல உள்ளத எறக்குத கமாண்ட்) குடுத்தா அப்படியே டெக்ஸ்டா வரும். மச்சான மறுபடி இப்படி அனுப்பச் சொன்னேன், நா கர்ல்ல எறக்கி கிரெப்ல (grep, வார்த்தைய தேடுத கமாண்ட்) பெர்மிஷன்னு தேடுனேன், மொத வரியே சிக்கிட்டு.