கொழும்பின் காலி வீதியில் ஓடப்போகிற சொகுசுக் காரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, சித்தியின் மகன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து போனை நீட்டினான். வெள்ளை நிற பிஎம்டபிள்யூ 318 ஐ (318i), 2017 மாடல், விற்பனைக்கு. "அண்ணா, எடுக்கலாமா?" படத்தில் கார் பளபளவென்றுதான் இருந்தது. நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: தினமும் எங்கே ஓடப்போகிறாய்? தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு வேலைக்கு, எப்போதாவது ஒரு சனிக்கிழமை மாக்கும்புரையில் அதிவேகப் பாதையில் ஏறி காலிக்கு. அப்படியென்றால் அவனுக்குத் தேவையான கார் வேறு, வீடியோ பார்த்துப் பார்த்து மனதில் வளர்த்து வைத்திருக்கிற கார் வேறு. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்த ஊரில் ஒரு காருக்கு நாம் கொடுப்பது கிட்டத்தட்ட ஒரு வீட்டுக்குக் கொடுக்கிற காசு. அதைக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதமே கராஜ் வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படும்.

முதலில் கம்பனிகள் எதற்காகப் போட்டி போடுகின்றன என்று விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் விளம்பரத்தில் வருகிற எண்கள் எல்லாம் அந்தப் போட்டியிலிருந்து பிறந்தவை. 2008 இல் நிசான் தன்னுடைய ஜிடி-ஆர் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் பந்தயப் பாதையை 7 நிமிடம் 29 வினாடியில் சுற்றியதாக அறிவித்தது. போர்ஷ் நம்பவில்லை. தானே ஒரு ஜிடி-ஆரை வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்கு 7 நிமிடம் 54 வினாடிதான் வந்தது என்றது. நிசான் தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது சீனக் கம்பனிகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன: பிவைடி சீல் காரின் வேகமான மாடலுக்குப் பின்னால் பாருங்கள், 3.8 என்று பேட்ஜே குத்தியிருக்கும், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு எடுக்கிற வினாடிக் கணக்கு அது. ஜெர்மன்காரர்களோ எண்பதுகளின் கடைசியில் தங்களுக்குள் ஒரு புரிந்துணர்வுக்கு வந்து, பெரும்பாலான கார்களை மணிக்கு 250 கிலோமீட்டரில் மட்டுப்படுத்தினார்கள்.

நம்முடைய அதிவேகப் பாதையில் எல்லை 100. காலி வீதியில் மாலை ஐந்தரைக்கு எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக வேகமான கார் வீண் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அந்தக் கார்கள் உயிர். ஆனால் கொழும்பில் ஒரு காரின் பலம் தெரிகிற இடம் 20 க்கும் 60 க்கும் நடுவில்தான்: பஸ் ஒன்று திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கும்போது கிடைக்கிற அந்த ஐந்து மீட்டரில், ஹவ்லொக் வீதிச் சந்தியில் பச்சை விழுந்த நொடியில். அங்கே குதிரைவலுவை விட, எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும்போதே இழுக்கிற டோர்க், அதாவது முறுக்குவிசைதான் உதவும். அந்த 318 ஐயில் இருப்பது 1499 சிசி, மூன்று சிலிண்டர், வெறும் 136 குதிரைவலு. எண்ணைக் கேட்டால் சப்பென்றிருக்கும். ஆனால் 220 நியூட்டன் மீட்டர் டோர்க் நிமிடத்துக்கு 1250 சுற்றிலேயே முழுதாகக் கிடைக்கும், ஓட்டினால் ஊருக்குள் அது குறையாகவே தெரியாது.

சரி, இப்போது பேட்ஜ் விஷயம். ஒரு காலத்தில் 318 என்றால் 1.8 லீட்டர், இப்போது அந்த எண்ணுக்கும் எஞ்சின் அளவுக்கும் தொடர்பில்லை. இதற்கு மிகப் பெரிய உதாரணம் பென்ஸ் சி63. முதலில் வந்ததில் 6208 சிசி வி8. அடுத்த தலைமுறையில் 3982 சிசி, அதுவும் வி8, டர்போ வைத்தது. இப்போதைய தலைமுறையில் 1991 சிசி, நான்கு சிலிண்டர், பின்னால் ஒரு மின் மோட்டார், மொத்தம் 680 குதிரைவலு, எடை இரண்டு தொன்னுக்கு மேல். மூன்றுக்கும் பின்னால் ஒட்டியிருப்பது அதே 63. மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுக இறுகக் கம்பனி எஞ்சினைச் சுருக்குகிறது, பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அந்த நான்கு சிலிண்டர் சி63 கடதாசியில் வேகமானது, ஆனால் வி8 இன் சத்தத்துக்காகவே அந்தப் பெயரை நேசித்தவர்களுக்கு அது ஆறாத வருத்தம். நானும் அவர்கள் பக்கம்தான்.

நம் நாட்டில் இந்தச் சுருக்கல் வேறு காரணத்தாலும் நடக்கிறது. பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி சிசியை வைத்துப் படிப்படியாக ஏறும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவொட்டை வைத்து. அதனால்தான் இங்கே 1.5 லீட்டர் 3 சீரிஸ், ரெனோவுடன் சேர்ந்து உருவாக்கிய 1.3 லீட்டர் எஞ்சின் வைத்த பென்ஸ் ஏ கிளாஸ், ஒரு லீட்டர் அவுடி என்று தெருவுக்குத் தெரு நிற்கின்றன. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது, நடுவில் ஐந்து வருடம் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே விளம்பரத்தில் கார் பெயரைப் பார்த்ததும் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை சிசி, எந்த எஞ்சின் கோட், எந்த கியர்பொக்ஸ். இந்த மூன்றையும் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

கோட் எதற்கு என்றால், ஒரே பேட்ஜுக்குள் நல்ல எஞ்சினும் சோதனை தருகிற எஞ்சினும் இருக்கும். பிஎம்டபிள்யூவின் என்20 எஞ்சினில், முக்கியமாக 2015 க்கு முன் செய்தவற்றில், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற டைமிங் செயினைத் தாங்குகிற பிளாஸ்டிக் கைட் தேய்ந்து உடைந்துபோகும். அதற்குப் பிறகு வந்த பி48 எஞ்சினுக்கு அந்தக் கெட்ட பெயர் இல்லை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் வெளியே பெரிய வித்தியாசம் தெரியாது, கராஜ் பில்லில் தெரியும்.

கியர்பொக்ஸ் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நாள் முழுக்க நகர்ந்து நின்று நகர்ந்து நின்று ஓடுகிறவர்கள், எண்ணெயில் நனையாத டிரை இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸைத் தவிர்த்துவிடுங்கள். வொக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் டிரை டிஎஸ்ஜி அந்த வகை. 2013 இல் சீனாவில் மட்டும் டிஎஸ்ஜி பிரச்சினைக்காக மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் கார்களை அந்தக் கம்பனி திரும்ப அழைத்தது. வேகப் பாதையில் அருமையாக மாறும், நெரிசலில் கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடாகும். இசட்எஃப் எட்டு கியர் போன்ற டோர்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துகிற வகை, இந்த ஊருக்குப் பொருத்தம். அதிலும் ஒரு விஷயம்: கார் கம்பனி அந்த எண்ணெய் ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சொன்னாலும், கியர்பொக்ஸைச் செய்கிற இசட்எஃப் 80,000 இலிருந்து 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், பேரம் பேசும்போது மனம் தெளிவாக இருக்கும். ஷோரூமில் எதிரிகளாக நிற்கிற கார்கள் பல அடியில் சொந்தக்காரர்கள். அவுடி கியூ7, போர்ஷ் கயென், பென்ட்லி பென்டேகா, லம்போகினி உருஸ் நான்கும் ஒரே குழுமத்தின் ஒரே அடித்தளம். டொயோட்டா சுப்ராவைத் திறந்தால் உள்ளே பிஎம்டபிள்யூ எஞ்சின். சில பாகங்கள் ஒரே பாக எண்ணோடு இரண்டு பிராண்டிலும் வரும், ஆனால் பெட்டி மாறினால் விலை மாறும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடும்போது கார் பெயரைச் சொல்லாமல் பாக எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

விற்ற பிறகு யார் கவனிப்பார்கள் என்பதும் போட்டியில் ஒரு பாதி. 1989 இல் டொயோட்டா லெக்ஸஸைத் தொடங்கி எல்எஸ்400 காரை அமெரிக்காவில் இறக்கியபோது, பென்ஸும் பிஎம்டபிள்யூவும் பல பத்து வருடம் ஆண்ட சந்தை அது. சில மாதத்திலேயே ஒரு சில முறைப்பாடுகள் வர, ஏறக்குறைய 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். ஆனால் ஆட்களை வரச்சொல்லவில்லை, வீட்டுக்கே போய்க் காரை எடுத்து, திருத்தி, கழுவி, பெற்றோல் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் லெக்ஸஸுக்குச் சோறு போடுகிறது. இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது, நீங்கள் ஆசைப்படுகிற காரின் கம்பியூட்டரைப் படிக்கிற கருவியும் அதைத் தெரிந்த மெக்கானிக் பாஸும் கொழும்பில் எத்தனை இடத்தில் இருக்கிறார்கள் என்பது. குறைந்தது இரண்டு இடம் வேண்டும். ஒரே ஒருவர்தான் என்றால், அவர் சொன்னதுதான் விலை.

இப்போது காரைப் பார்க்கப் போகலாம். முதல்நாளே போன் பண்ணி, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்க முன்கூட்டியே ஓட விட்டிருக்கலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி விடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எழுகிற முதல் மூன்று வினாடியில் செயின் கடகடப்பது கேட்கும், புகைக்குழாயில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் இரவு நின்ற இடத்திலேயே பாருங்கள், ஒரு மூலை மற்றதை விடத் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது. அப்புறம் ஏசியை முழுதாகப் போட்டு நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிடுங்கள். நம்முடைய வெக்கையில் எஞ்சினைக் குளிர்விக்கிற தொகுதியின் பிளாஸ்டிக் பாகங்கள் காய்ந்து வெடிக்கும், கசிவு பெரும்பாலும் அந்த இருபது நிமிடத்தில் மணக்கத் தொடங்கும்.

மைலேஜை மீட்டரில் பார்த்து நம்பவேண்டாம். சில வருடத்துக்கு முன் நண்பன் ஒருவனுக்காக ஒரு கார் சேலுக்குப் போயிருந்தேன். மீட்டரில் 48,000. லேடி டொக்டர் ஒருவர் ஓடியது என்றார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கில் கை பிடிக்கிற இரண்டு இடமும் தோலின் சொரசொரப்பு போய்க் கண்ணாடி மாதிரி வழவழத்தது. பிரேக் பெடல் ரப்பரில் வரிகள் ஒரு பக்கம் சுத்தமாக இல்லை. ஏறி இறங்குகிற வலப்பக்கம் சீட்டின் விளிம்பு வெடித்து, அதன்மேல் யாரோ சாயம் பூசியிருந்தார்கள், விரலை ஈரப்படுத்தித் தேய்த்ததும் கறுப்பாக ஒட்டியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. நாற்பத்தெட்டாயிரத்தில் ஒரு கார் இப்படித் தேயாது. ஸ்கேன் பண்ணினோம். இந்தக் கார்களில் மைலேஜ் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை, வேறு சில கம்பியூட்டர்களிலும் பதிவாகும், பிஎம்டபிள்யூவில் சாவியிலேயே பதிவாகும். அங்கே இரண்டு இடத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. நண்பன் முற்பணம் கட்டத் தயாராகக் காசோலையோடு வந்திருந்தான். அன்றைக்கு அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம் செய்தது. நான்கு டயரும் ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பஞ்சரானாலும் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர் நம்முடைய வீதிக் கிடங்குகளில் இடுப்பை உடைக்கும், நான் என்றால் சாதாரண டயருக்கு மாறி டிக்கியில் ஸ்பெயார் ஒன்றைப் போட்டுக்கொள்வேன். வெள்ளத்தில் நின்ற காரா என்று பார்க்க டிக்கித் தரையைத் தூக்குங்கள், சீட் தண்டவாளத்தின் அடியில் டோர்ச் அடியுங்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கார்கள் மூழ்கியதை நாம் எல்லாரும் பார்த்தோம். பிளக்-இன் ஹைபிரிட் வாங்குபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள், 2016 இல் வந்த பிஎம்டபிள்யூ 330 ஈ போன்றவற்றில் பற்றரியே டிக்கிக்கு அடியில்தான். அந்தக் கார் புதிதில் மின்சாரத்தில் மட்டும் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் போகும் என்று கம்பனி சொன்னது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள், 15 கூட வரவில்லையென்றால் பற்றரி விலையை விசாரிக்காமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

கடதாசி வேலை சுருக்கம்தான். காரின் பதிவுப் புக்கில் உள்ள சேசிஸ் நம்பரும் காரில் குத்தியிருப்பதும் ஒன்றா, லீசிங் கம்பனியின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, விற்பவரும் புக்கில் உள்ளவரும் ஒரே ஆளா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் கைமாறுகிற ஓப்பன் பேப்பரில் வாங்கவே வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் சரி. பெற்றோல் மூடியின் உள்பக்கம் 95 என்று போட்டிருந்தால் 95 ஒக்டேன் பெற்றோல்தான், 92 அடித்து மிச்சம் பிடிக்கிற காசை எஞ்சின் திருப்பிக் கேட்கும். கார் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வையுங்கள், முதல் வருடத்துக்கு அது தேவைப்படும். அந்தப் பத்தில் ஒன்று கையில் இல்லையென்றால் ஒரு படி சின்னக் காரைப் பாருங்கள்.

தம்பி அந்த வெள்ளைக் காரைப் பார்க்கப் போனான். காலை ஏழரைக்குப் போய் பொனட்டில் கையை வைத்தால் கொதிக்கிறதாம். பேசாமல் திரும்பி வந்துவிட்டான். இந்த ஞாயிறு நுகேகொடையில் இன்னொன்று, அதே 318 ஐ, நீல நிறம், ஒரே உரிமையாளர், கியர்பொக்ஸ் எண்ணெய் மாற்றிய பில்லும் இருக்கிறதாம். நானும் கூடப் போகிறேன், டோர்ச்சை இரவே சார்ஜில் போடச் சொல்லியிருக்கிறேன்.