தெருவில் விளையாட விடும் முன் சின்னப் பிள்ளைகளிடம் என்ன பேசுவது

நாலைந்து வயதுப் பிள்ளை "நான் கீழ போய் விளையாடட்டுமா" என்று கேட்க ஆரம்பித்ததும் நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் எச்சரிக்கை ஒன்றுதான்: தெரியாதவங்க சாக்லேட் குடுத்தா வாங்காதே, பிள்ளை பிடிக்கிறவன் வருவான். இந்தப் பயத்தை ஊட்டுவது சுலபம், ஆனால் பிள்ளையைக் காப்பாற்ற அது பெரிதாக உதவாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பாருங்கள், பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். மாடி வீட்டு மாமா, கடை அண்ணா, டியூஷன் அக்கா என்று தெருவில் எல்லோரையும் உறவு சொல்லிக் கூப்பிடப் பழக்கிவிட்டு, "தெரியாதவர்களிடம் ஜாக்கிரதை" என்று மட்டும் சொன்னால் பிள்ளை யாரைத்தான் சந்தேகப்படும்? பெரியவர்களையே அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை 2018 மே மாதத்தில் போளூர் பக்கம் பார்த்தோம். குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தே போனார்.

அதனால் ஆள் யார் என்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கப் பழக்குங்கள். சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரே கேள்வி போதும்: "நீ வேண்டாம்னு சொன்னா அவங்க நிறுத்துறாங்களா?" கிச்சுகிச்சு மூட்டும் சித்தப்பாவுக்கும், கன்னத்தைக் கிள்ளும் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும், கூட விளையாடும் பையனுக்கும் இதே கேள்விதான். ஆனால் இது வீட்டில் செல்லுபடியானால்தான் வெளியிலும் செல்லும். விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள், வணக்கம் சொன்னால் போதும். பாட்டி கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, ரகசியம். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அண்ணனே சொன்னாலும், அதை உடனே வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கி ஒளித்து வைத்த பரிசு எப்படியும் ஒரு நாள் வெளியே வந்துவிடும், அது பரவாயில்லை. எப்போதும் சொல்லவே கூடாது என்பதுதான் ஆபத்து. குளிக்க வைக்கும்போது உடல் உறுப்புகளின் பெயரை வெட்கப்படாமல் சொல்லிக் கொடுங்கள், பெயர் தெரிந்தால்தான் ஏதாவது நடந்தால் பிள்ளையால் விளக்க முடியும்.

இனி விளையாட்டுத் தோழர்கள். இங்கேதான் நாம் அதிகம் தப்புச் செய்கிறோம். "அந்தத் தெருப் பசங்களோட சேராதே" என்று சொல்லும்போது பல வீடுகளில் அதற்குப் பின்னால் சாதிதான் இருக்கிறது, அல்லது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, அல்லது அந்தப் பையனின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது. பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொள்ளும், பாதுகாப்பைப் பற்றி மட்டும் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. அதற்குப் பதில், விளையாடி முடித்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள்: இன்னைக்கு யாரை ஆட்டத்துல சேர்த்துக்கல? தோத்தவங்களை என்ன பண்ணாங்க? ஒப்புக்குச் சப்பாணியா இருந்த குட்டியை யாராவது தள்ளிவிட்டாங்களா? யாரோடு இருக்கும்போது மனசுக்கு நல்லா இருக்கு, யாரைப் பார்த்தா பயமா இருக்கு என்று பிள்ளையே சொல்லும். கா விட்டுப் பழம் விடுவதெல்லாம் சகஜம், அதில் தலையிட வேண்டாம். ஆனால் "சுவரேறிக் குதிச்சாத்தான் சேர்த்துப்போம்" என்பது, போனில் ஏதோ காட்டிவிட்டு மறைப்பது, வயதில் மிகவும் பெரிய பையனோ பெண்ணோ சின்னப் பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிடுவது, இவற்றைக் கவனியுங்கள். அப்படிக் கேள்விப்பட்டால் முதல் வேலையாக அந்த வீட்டுப் பெரியவர்களோடு போய்ப் பேசுங்கள், கொஞ்ச நாள் உங்கள் வீட்டு வாசலிலேயே விளையாட விடுங்கள். அந்தப் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர், முறுக்கு கொடுங்கள், யார் எப்படி என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தெருவைப் பற்றி வாயால் சொல்வதைவிட ஒரு சாயங்காலம் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டுவது நல்லது. மூடியில்லாத தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர், கட்டுமானப் பள்ளம், பின்னால் வரும் தண்ணீர் லாரி, மழைக்குப் பின் தொங்கும் கம்பி. 2019இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்த ஆழ்துளைக் கிணறு வீட்டுப் பக்கத்திலேயேதான் இருந்தது, எனவே மூட வேண்டியதை மூடுவது பெரியவர்கள் வேலை. நாய் கடித்தாலோ நகம் பட்டாலோ அடி விழும் என்று பயந்து மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்கு அழைத்துப் போக வேண்டும்.

அப்புறம், "போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்ற மிரட்டலை இன்றோடு விடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை காக்கிச் சட்டையைப் பார்த்து ஒளிந்துகொண்டால் என்ன ஆவது! தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், போலீஸ்காரரிடமோ, கடையில் இருப்பவரிடமோ, குழந்தையோடு வந்திருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும். உங்கள் போன் நம்பரைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வையுங்கள்.

ஒரு நாள் பிள்ளை வந்து தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால் அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள், "நீ ஏன் அங்க போனே" என்று கேட்கவே கேட்காதீர்கள். "சொன்னது ரொம்ப நல்லது, உன் மேல தப்பே இல்ல" என்று சொல்லி, பிள்ளை தானாகச் சொல்வதை மட்டும் கேளுங்கள், தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இலவசம், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். சொந்தக்காரர் ஆயிற்றே, குடும்ப மானம் போகுமே என்று மூடி மறைக்க அதில் இடமில்லை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டுமே என்று தயங்காதீர்கள், வாக்குமூலத்தை வீட்டுக்கே வந்து, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.