மின்கட்டண ரசீதும் வாக்குக் கேட்டு வருபவரும்

மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை முதலில் நிறுத்துங்கள். நிலைக்கட்டணம், யூனிட் கட்டணம், எரிபொருள் சரிக்கட்டல் (எரிபொருள் விலை மாற்றத்தை ஈடுகட்டும் தொகை), வரி என்று பிரித்து எழுதுங்கள். விளக்கை அணைத்தால் நிலைக்கட்டணம் அசையாது.

அடுத்து மீட்டர். முகப்பில் 3200 imp/kWh (ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு) என்றிருந்தால், சிவப்பு விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மினுக்குகிறதா? காத்திருப்பு நிலையில் ஏதோ ஒன்று தின்கிறது. நான் டிவி பெட்டியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் "கட்டணத்தைக் குறைப்பீர்களா?" என்று கேட்காதீர்கள்; தாராளமாகத் தலையாட்டுவார். வழியில் தொலையும் மின்சாரம் எத்தனை சதவீதம், மானியத் தொகையை மின் நிறுவனத்துக்கு அரசு எப்போது கட்டும், எந்தெந்த அரசு அலுவலகங்கள் பாக்கி வைத்திருக்கின்றன என்று கேளுங்கள். தேர்தலுக்காகத் தள்ளிப்போட்ட உயர்வு, கடன் வட்டியோடு நம் தலையில்தான் விடியும் என்பது அவருக்கும் தெரியும்.