சண்டைக்காட்சியை எழுதுவதற்கு முன்னால் கடிகாரத்தை வையுங்கள்

ஆக்‌ஷன் த்ரில்லர் கதை எழுத உட்காரும் பலர் முதலில் சண்டைகளைத்தான் யோசிக்கிறார்கள். அதை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: நாயகன் எங்கே போய்ச் சேரவேண்டும்? தாமதமானால் யார் சாவார்கள்?

2019-இல் வந்த 'கைதி' படத்தை இந்தக் கண்ணோட்டத்தில் இன்னொரு முறை பாருங்கள். மொத்தக் கதையும் ஒரே இரவு. விஷம் கலந்த மது குடித்து மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாரியை ஓட்டுகிற நாயகன் டில்லிக்கோ இதுவரை முகம்கூடப் பார்த்திராத மகளைப் பார்க்கவேண்டும் என்ற ஒரே ஆசை. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால்தான், லாரி சும்மா ஓடும்போதும் நமக்கு நெஞ்சு பதறுகிறது. போதாததற்கு, இன்னொரு பக்கம் கமிஷனர் அலுவலகத்தில் ஒரு கான்ஸ்டபிளும் சில மாணவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். லாரியில் மூச்சுவிடும் நேரத்தில் அங்கே கதவு உடைகிறது. பாட்டே இல்லாத குறையை யாரும் உணராததற்கு இந்த மாறிமாறி வெட்டும் அமைப்பு பெரிய காரணம் என்பேன்.

உங்கள் கதைக்கு ஒரு சோதனை. காட்சிகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதி வரிசையாக அடுக்குங்கள். ஒரு சண்டைச் சீட்டை உருவி எடுங்கள். அடுத்த காட்சி எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே நின்றால், அந்தச் சண்டை வெறும் அலங்காரம். ஒரு காயம், ஓர் இழப்பு, தெரியவரும் ஓர் உண்மை, ஏதாவது ஒன்றை அதில் சேருங்கள். முடியாவிட்டால், எவ்வளவு பிடித்திருந்தாலும் தூக்கிவிடுங்கள்.