முதுகைத் தைத்ததோடு முடிவதில்லை: ஸ்பைனா பைஃபிடாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிட வேண்டிய நரம்புக்குழாய் ஓரிடத்தில் மூடாமல் நின்றுபோவதுதான் ஸ்பைனா பைஃபிடா. அங்கே முள்ளெலும்பு பிளந்திருக்கும். கடுமையான வகையில் தண்டுவடமே பை போல முதுகில் பிதுங்கி நிற்கும். புதிதாக இதைச் சந்திக்கும் வீடுகளில் சில தவறுகள் விடாமல் திரும்ப வருகின்றன.

நாள் தள்ளிய பிறகு மாத்திரை

கர்ப்பம் உறுதியாகி டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த 28 நாள் பெரும்பாலும் கடந்திருக்கும். இந்தக் குறை வராமல் தடுக்க, கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். முந்தைய பிள்ளைக்கு இந்தக் குறை இருந்தாலோ, தாய் வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிட்டாலோ 4 அல்லது 5 மில்லிகிராம் தேவை. அதை டாக்டர்தான் எழுத வேண்டும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திறந்த பைமேல் பவுடர், உலர்ந்த பஞ்சு

கூடாது. சலைனில் நனைத்த ஸ்டெரைல் துணி, பிள்ளை குப்புற, உடனே அறுவை மருத்துவரிடம்.

"ஒண்ணுக்குத்தான் போகுதே!"

முதுகுப் பையை மூடிய அறுவையின் தையல் ஆறியதும் வீடு முழுக்க நடையைப் பற்றியே பேச்சு. சிறுநீரகத்தை யாரும் நினைப்பதில்லை. துணி எந்நேரமும் நனைந்தால் அது பெரும்பாலும் நிரம்பி வழிவது. நரம்பு பழுதானதால், சிறுநீர்ப்பை சுருங்கும் நேரத்தில் அதன் வாய் திறக்காமல் இறுகுவதால் உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும். பிள்ளைக்கு வலி தெரியாது. சிறுநீரகம் சத்தமில்லாமல் தழும்பேறிக்கொண்டிருக்கும்.

இதில் பொறுக்கவே முடியாதது, அடிவயிற்றை அமுக்கிப் பிழியும் பழக்கம். "பாட்டி சொன்னாங்க, நல்லா வருது" என்பார்கள். இறுகிய வாய்க்கு எதிராக அமுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் சிறுநீரகத்தைத் தாக்கும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

வழி, கதீட்டர்: சிறுநீர் வரும் துளை வழியாகப் பைக்குள் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய். சோப்பால் கை கழுவி, ஜெல் தடவி, பொதுவாக 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீர் வரத் தொடங்கியதும் இன்னும் சற்று உள்ளே செலுத்துங்கள். நின்றதும் மெல்ல இழுங்கள். இழுக்கையில் மறுபடி சொட்டினால் அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள். சுத்தமான கை போதும், ஸ்டெரைல் கையுறை அவசியமில்லை என்று 1972இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் லாபிடஸ் காட்டியபின்தான் இது வீட்டுக்கு வந்தது. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல் வந்தால் தாமதிக்காதீர்கள். சிறுநீரக ஸ்கேனும் சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனையும் டாக்டர் சொன்ன தேதியில் நடக்கட்டும்.

ரப்பர்

லேடெக்ஸ் கையுறை, பலூன், ரப்பர் கதீட்டர் எதுவும் வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை வந்தால் மூச்சையே அடைக்கும்.

வெந்நீர்

உணர்ச்சியில்லாத காலில் ஊற்றும்முன் உங்கள் முழங்கையில் பாருங்கள். பைக் சைலன்சர் பக்கம் அந்தக் கால் போகக் கூடாது.