பழுப்புக் கொழுப்பைப் படம்பிடிக்கக் குளிரைச் சரியாகக் கொடுங்கள்

காறையெலும்புக்கு மேலே பழுப்புக் கொழுப்பு ஒளிராத பெட்-சிடி (உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் சேரும் இடத்தையும் உறுப்புகளின் அமைப்பையும் சேர்த்துக் காட்டும் ஸ்கேன்) படத்தைப் பார்த்து, ‘இவருக்கு அது இல்லை’ என்று எழுத எனக்கு மனம் வராது. குளிரை எப்படிக் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். குளிர் போன்ற நெருக்கடியில் உடலைத் தானாக முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் கட்டளையிட்டால்தான் இந்தத் திசு கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து வெப்பமாக்கும். வெதுவெதுப்பான அறையில் அது பெரும்பாலும் சும்மா இருக்கும்.

பங்கேற்பவர் குறைந்தது ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரட்டும். காபி, தேநீர், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். அவருடைய மருந்துப் பட்டியலை வாங்கிப் படியுங்கள். பரிவு நரம்புகளின் கட்டளையைத் தடுக்கும் புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் படத்தையே அணைத்துவிடும். ஆனால் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். ஊசிக்குழாயைக் குளிரூட்டும் முன்பே பொருத்திவிடுங்கள். குளிர்ந்த பிறகு ரத்தக்குழாய் சுருங்கிவிடும், தேடித்தேடிக் குத்த நேரும்.

எல்லோருக்கும் ஒரே வெப்பநிலை வைப்பதை நான் ஏற்பதில்லை. மெலிந்தவர் நடுங்கும் குளிரில் பருத்தவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். குளிர்நீர் ஓடும் மேலாடையை அணிவித்து, நீரின் வெப்பநிலையைப் படிப்படியாகக் குறையுங்கள். நடுக்கம் தொடங்கியதும் இரண்டொரு டிகிரி உயர்த்தி, அங்கேயே நிறுத்துங்கள். நடுங்கும் தசையும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அப்புறம் படத்தில் நாம் பார்ப்பது தசையின் உழைப்பாகிவிடும். “நடுங்குகிறதா?” என்று கேட்பதோடு விடாமல், தசையின் மின்னசைவையும் பதிவு செய்யுங்கள். சுமார் ஒரு மணி நேரம் குளிரூட்டியபின் எஃப்டிஜி (குளுக்கோஸைப் போலச் செல்லுக்குள் போகும் கதிரியக்கப் பொருள்) ஊசி, அதன்பின் இன்னும் ஒரு மணி நேரம் அதே குளிர், பிறகு ஸ்கேன். குளிரில் சிறுநீர் அதிகம் சுரக்கும் என்பதால் படுக்கவைக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்புங்கள். எஃப்டிஜி அதற்குள் செல்லில் சிக்கிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்கேனின்போது போர்வை கொடுக்கலாம். நடுங்கிக்கொண்டு படுத்திருப்பவரைவிட, போர்த்திக்கொண்டு அசையாமல் இருப்பவரின் படமே எனக்கு வேண்டும்.

ஒப்பிடுவதற்கு, அதே ஆளை வெதுவெதுப்பான அறையில் வேறொரு நாள் எடுங்கள். எஃப்டிஜியில் கதிர்வீசும் புளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 110 நிமிடம். ஒரே நாளில் எடுத்தால் முதல் ஊசியின் மிச்சம் கலந்துவிடும். இரண்டு நாட்களும் ஒரே பருவத்தில் அமையட்டும், ஏனென்றால் வெளியே நிலவும் குளிருக்கும் இந்தத் திசு பழகிக்கொள்கிறது.

ஒளிர்வதெல்லாம் பழுப்புக் கொழுப்பு அல்ல. சிடியில் கொழுப்பின் அடர்த்தி இருக்க வேண்டும்; மைனஸ் 190 முதல் மைனஸ் 10 ஹவுன்ஸ்பீல்ட் அலகு (சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் அளவு; நீருக்குப் பூஜ்யம்) வரை என்பது பரவலாகப் பயன்படும் எல்லை. பெட்டுக்கும் சிடிக்கும் இடையே கழுத்து கொஞ்சம் திரும்பினாலும் தசையின் ஒளி கொழுப்பின் மேல் விழும். தலையைத் தாங்கும் மெத்தையைக் கவனமாக வையுங்கள்.

எஃப்டிஜி காட்டுவது உள்ளே போன குளுக்கோஸை. உண்டான வெப்பத்தை அல்ல. பழுப்புச் செல் முதலில் எரிப்பது தன்னுள் சேர்த்த கொழுப்பைத்தான். அதனால் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்குச் செல்கள் சரியாக இசையாத நிலை) உள்ளவரிடம் ஒளி மங்கியிருந்தால் வெப்பமும் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். எரிதலை அளக்க கார்பன்-11 அசிட்டேட் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள் இருக்கிறது. கதிர்வீச்சு இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்க்க எம்ஆர்ஐ நல்லது: குளிரில் அந்தத் திசுவின் கொழுப்பு விகிதம் குறையும். ஆனால் ரத்த ஓட்டம் கூடினாலும் அந்த எண் மாறும். வெப்பப் படக் கருவி தோலின் சூட்டை மட்டுமே அறியும். தோலடிக் கொழுப்பு தடித்தவரிடம் அதை நம்பி நான் எதுவும் எழுத மாட்டேன்.